நாத்திகமும் ஏகாந்தமாகுமோ?



"கடவுள் உண்டு என்று மூர்க்கமாகச் சாதிப்பவரை அடிப்படைவாதி என்கிறோம், கடவுள் இல்லை என்று அதே மூர்க்கத்தோடு சாதிப்பவரை என்னவென்று அழைப்பது?" என்னும் வினா இன்று பலராலும் எழுப்பப்படுகின்றது. "நாத்திகமும் ஒரு மதமே, நாத்திகரும் மதவெறியரே" என்று சிலர் விடையிறுப்பர். "நம்பிக்கையே இல்லாதவனிடத்து வெறி எங்ஙனம் தோன்றும்?" என வேறு சிலர் எதிர்வினா விடுப்பர்.

நமக்கு இஃது பட்டிமன்றத்தோடு முடியும் பொருளன்று. காரணம் இரண்டு. உலகைப் படைத்த கடவுள் ஒருவரை நாம் உடன்படாமையால், நம் முன்னோர் பல நூற்றாண்டுகளாக நாத்திகர் என்றே பிறரால் சுட்டப்பட்டனர். ஆகவே நாத்திகர் மீது வீசப்படும் சொல் நம்மையும் தொட்டுச் செல்லும். இரண்டாவதாக, நம் இல்லங்களில் பயின்று வளர்ந்த பிள்ளைகளுள் சிலர், "எனக்கு எந்தச் சமயத்திலும் நம்பிக்கை இல்லை, ஜினாலயத்திற்கு வரமாட்டேன்" என்கின்றனர். அவர்களை எவ்வாறு எதிர்கொள்வது என்பதை அறியாது பெற்றோர் கலங்குகின்றனர். இவ்விரண்டையும் கருத்திற்கொண்டு இப்பாடத்தை ஆராய்வோம்.

1. சொற்பொருள்

"இல்லை" எனப் பொருள்படும் வடசொல்லினின்றும் பிறந்தது நாத்திகம். எதனை இல்லை என்பது நாத்திகம் என்பதில் முன்னோர் ஒருமித்த கருத்தினர் அல்லர். மனுநூல், வேதத்தை இகழ்வோனை நாத்திகன் என்கின்றது. பாணினி இலக்கணத்திற்கு உரை கண்டோர், மறுவுலகம் இல்லை எனக் கருதுவோனே நாத்திகன் என்பர். இக்கால வழக்கிலோ கடவுள் இல்லை என்பவர் நாத்திகர்.

இம்மூன்றனுள் முதலாவதும் மூன்றாவதும் நமக்குப் பொருந்துவனவே. 9-ஆம் நூற்றாண்டினரான ஜினசேனாசாரியார் தம் மகாபுராணத்துள் படைப்புக் கொள்கையைக் கடுமையாக மறுத்துள்ளார். உலகைப் படைக்கு முன் படைத்தவன் எங்கே இருந்தான். எப்பொருளைக் கொண்டு படைத்தான். நிறைவுடையவனாயின் படைக்க வேண்டும் என்னும் விருப்பம் அவனிடத்து ஏன் எழுந்தது என்னும் போக்கில் அவர் வினாக்கள் செல்கின்றன. இக்காலப் பகுத்தறிவாளர் எழுப்பும் வினாக்கள் பலவும் அங்கேயே உள்ளன. ஆனால் உயிர், வினை, மறுபிறப்பு, வீடுபேறு ஆகியவற்றை நாம் உடன்படுதலின் இரண்டாம் பொருளில் நாம் நாத்திகர் அல்லோம். ஹரிபத்திர சூரியும் 'ஷட்தர்சன சமுச்சயம்' என்னும் நூலில் ஜைனத்தை ஆத்திக தரிசனங்களோடு வைத்து, உலகாயதத்தைத் தனியே இறுதியில் கூறினார்.

இனி, அடிப்படைவாதம் என்னும் சொல்லைக் காண்போம். இது மேலைநாட்டிலிருந்து வந்த சொல்லின் தமிழாக்கம். அமெரிக்காவில் 1910 முதல் 1915 வரை 'அடிப்படைகள்' என்னும் பெயரில் கிறித்தவக் கட்டுரைகள் 12 தொகுதிகளாக வெளியிடப்பெற்றன. அவற்றின் வழி நின்றோர் 1920-க்குப் பின் அடிப்படைவாதிகள் என்னும் பெயரைப் பெருமையுடன் தாமே சூட்டிக்கொண்டனர். பின்னாளில் அச்சொல் பொருள் விரிந்தது. தன் கொள்கை ஒன்றே மெய், அது ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது, அதனை ஏலாதோர்க்கு இடமில்லை என்னும் மனப்பாங்கையே இன்று அச்சொல் குறிக்கின்றது.

இம்மனப்பாங்கிற்கு நம் ஆகமங்கள் முன்னரே பெயரிட்டுள்ளன. பொய்க்காட்சியாகிய மித்தியாத்துவத்தை ஏகாந்தம், விபரீதம், சம்சயம், வைநயிகம், அஞ்ஞானம் என ஐவகைப்படுத்தினர் ஆசாரியர். பல தன்மைகளையுடைய பொருளில் ஒரு தன்மையை மட்டும் கண்டு, 'இதுவே, பிறிதில்லை' எனப் பிடிவாதம் கொள்ளுதல் ஏகாந்தம். இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்க. இன்ன கொள்கையுடையோரே ஏகாந்திகள் என ஆசாரியர் வரையறுக்கவில்லை. 'உயிர் நித்தியமே' என்பவரும் ஏகாந்தி. 'உயிர் அநித்தியமே' என்பவரும் ஏகாந்தி. குற்றம் அந்த ஏகாரத்தில் உள்ளது. ஆகவே நம் வினாவை, 'நாத்திகமும் ஏகாந்தமாகுமோ?' என மாற்றிக் கேட்டல் தகும்.

2. பெண்ணாடம் தரும் மூன்று பாடங்கள்

இவ்வினாவிற்கு விடை தேடுமுன் பெண்ணாடம் வரை சென்று வருவோம். பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்திற்கு அண்மையில், வெள்ளாற்றை ஒட்டி அமைந்த ஊர் இது. யானை படுத்திருப்பது போன்ற வடிவில் கருவறை விமானம் அமைந்தமையால், இங்குள்ள சிவாலயம் 'தூங்கானைமாடம்' எனப் பெயர் பெற்றது. சைவர் போற்றும் இத்தலம் சமண வரலாற்றோடும் தொடர்புடையது.

கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர், பாடலிபுத்திரம் என்னும் பெயருடன் நம் முனிவரர்களின் கல்விக்கூடமாக விளங்கிய ஊர். சர்வநந்தி முனிவரின் 'லோகவிபாகம்' என்னும் உலகியல் நூல் சகம் 380-இல், அதாவது கி.பி. 458-இல், அவ்வூரில் நிறைவெய்தியது. அங்கே தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றிருந்தவரே பின்னர்ச் சைவம் சார்ந்து திருநாவுக்கரசர் ஆனார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அவர் பெண்ணாடத்திற்கு வந்து, சமணர் சார்பால் மாசுற்ற இவ்வுடலோடு வாழ விரும்பேன் என வேண்ட, அவர்தம் தோள்களில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்கப்பெற்றன எனச் சேக்கிழார் பாடுகின்றார்.

சைவ அன்பர் இதனைப் பக்தியின் எல்லையாகக் கொள்வர்; அவர்தம் உணர்வை நாம் மதிக்கின்றோம். கற்றறிந்த ஒருவர் தம் மனச்சான்றின்படி சமயம் மாறுதலும் அவர்தம் உரிமை. எனினும் நாம் கற்கத்தக்க பாடம் ஒன்று இங்குளது. ஒரு கொள்கையை விட்டு வந்தவருக்கு, விட்டு வந்த இடம் முழுவதும் மாசாகவே தோன்றுதல் மனித இயல்பு. சமயத்தினின்று சமயத்திற்குச் செல்வோரிடத்துக் காணும் இவ்வேகம், சமயத்தினின்று சமயமின்மைக்குச் செல்வோரிடத்தும் காணப்படும். இது முதற் பாடம்.

அக்காலத்துப் பல்லவ மன்னனும் சமணத்தை விட்டுச் சைவனானான். பாடலிபுத்திரத்துப் பள்ளிகளையும் பாழிகளையும் இடித்து, அக்கல்லைக் கொண்டு திருவதிகையில் குணதரவீச்சரம் எடுத்தான் எனப் பெரியபுராணமே கூறுகின்றது. அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பர் ஆய்வாளர். அடியவரின் வேகம் அவருடைய உடலில் குறியாயிற்று; அரசனின் வேகம் பிறருடைய கட்டடத்தின் மீது கடப்பாரையாயிற்று. ஏகாந்தம் அரசியல் வலிமையோடு சேரும்போது என்னாகும் என்பது இரண்டாம் பாடம்.

மூன்றாவது, பிற்காலத்துப் பாடம். சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் பிறந்த ஊரும் பெண்ணாடமே. அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞானசித்தியாரின் பரபக்கப் பகுதியில் மாற்றுக் கொள்கைகளை மறுக்கின்றார். உலகாயதம் முதலில் வருகின்றது. நிகண்டவாதமாகிய நம் கொள்கையும் அங்கு மறுக்கப்படுகின்றது. எனினும் ஒவ்வொருவர் கொள்கையையும் முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே அவர் மறுக்கின்றார். அவர் மறுப்பை நாம் உடன்படோம். ஆனால் பள்ளியை இடித்த மன்னனின் செயலுக்கும் எதிரியின் வாதத்தை எடுத்து மொழிந்து மறுத்த ஆசிரியரின் செயலுக்கும் உள்ள தொலைவு பெரிது.

ஆக, உள்ளத்தின் வேகம், ஆட்சியின் வன்மை, வாதத்தின் முறைமை என மூன்றைப் பெண்ணாடம் நமக்குக் காட்டுகின்றது. இம்மூன்றையும் கொண்டு இனி நாத்திகத்தை அளப்போம்.

3. மறுத்தல் குற்றமன்று

தமிழகத்தில் நாத்திகம் நேற்று முளைத்ததன்று. மணிமேகலைக் காப்பியத்துள் வஞ்சி மாநகரில் பல சமயவாதிகள் தத்தம் கொள்கை உரைக்கும்போது, நிகண்டவாதியைப் போலவே பூதவாதியும் உரைக்கின்றான். நம் நீலகேசியின் இறுதிச் சருக்கம் பூதவாதச் சருக்கமே. உயிர் என ஒன்றில்லை என்பவனுக்கும் அன்று வாதமன்றத்தில் இருக்கை இருந்தது.

அண்மைக் காலத்தில், 1882 முதல் 1888 வரை சென்னையில் 'தத்துவ விவேசினி' என்னும் நாத்திகத் தமிழ் இதழ் வெளிவந்தது. 1925-இல் ஈ.வெ.ரா. பெரியார் 'குடி அரசு' இதழைத் தொடங்கினார். சுயமரியாதை இயக்கம் பரவியது. தீண்டாமை, பிறப்பால் வரும் ஏற்றத்தாழ்வு, கைம்பெண் கொடுமை, பொருளற்ற சடங்கு ஆகியவற்றை அவ்வியக்கம் எதிர்த்தது. புரோகிதரும் சடங்குமின்றி நிகழ்ந்த சுயமரியாதைத் திருமணங்கள் சட்டப்படி செல்லும் என அறிஞர் அண்ணா முதல்வராயிருந்தபோது 1967-இல் சட்டம் இயற்றப்பெற்றது.

இவற்றைக் கண்டு சிராவகர் துணுக்குற வேண்டுவதில்லை. சமந்தபத்திராசாரியாரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழி நிற்கும் அருங்கலச்செப்பும் உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம் என மூவகை மூடங்களை விலக்கச் சொல்கின்றன. ஆற்றிலும் கடலிலும் மூழ்கினால் வினை கழியும் என்பதும், மலையினின்று வீழ்தலும் தீப்பாய்தலும் அறம் என்பதும் உலக மூடம். வரம் வேண்டி, விருப்பு வெறுப்புடைய தெய்வங்களை வணங்குதல் தேவ மூடம். மூடமின்மை நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்று. ஆகவே மூட வழக்கத்தை ஒருவர் மறுக்கின்றார் என்பதனாலேயே அவரை அடிப்படைவாதி என்றல் பொருந்தாது. அவ்வாறு கூறின், அப்பழி முதலில் சமந்தபத்திரர் மீதே விழும்.

மற்றொன்றையும் நேர்மையுடன் கூறுதல் வேண்டும். நாத்திகர் அடித்ததினும் அடிபட்டதே நம் நாட்டில் மிகுதி. பகத்சிங்கின் 'நான் நாத்திகன் ஏன்?' என்னும் கட்டுரையை 1930-களில் தமிழாக்கிய ப. ஜீவானந்தம் ஆங்கில ஆட்சியால் சிறைப்பட்டார். மகாராட்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புக்குப் பாடுபட்ட நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்டு 20-இல் புனே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோயம்புத்தூரில் 2017 மார்ச்சில் கடவுள் மறுப்பைப் பரப்பிய இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கடுஞ்சொல்லும் இம்சையே, எனினும் கடுஞ்சொல்லையும் கொலையையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் நடுநிலையாகாது.

4. மண்ணும் உருவும்

அவ்வாறாயின் நாத்திகம் ஏகாந்தமாவதே இல்லையோ? உண்டு. நம் மண்ணிலேயே எடுத்துக்காட்டு உளது.

1953 மே 27, புத்த பூர்ணிமை நாள். பெரியாரின் அறிவிப்பின்படி தமிழகத்தின் பல ஊர்களில் பிள்ளையார் உருவங்கள் உடைக்கப்பெற்றன. திருச்சிராப்பள்ளி நகரமன்றத் திடலில் அவரே மண்ணாற் செய்த பிள்ளையாரை உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர் வழக்குத் தொடுத்தார். உடைக்கப்பட்டது வழிபாட்டில் இருந்த உருவமன்று, வெறும் மண் பொம்மை எனக் கீழ் நீதிமன்றங்கள் முறையீட்டைத் தள்ளின. 1958-இல் உச்சநீதிமன்றம் அவ்விளக்கம் தவறென்றது. ஒரு சாரார் புனிதமெனப் போற்றும் பொருள் எதுவாயினும், அதன் விலை எத்துணைச் சிறிதாயினும், சட்டத்தின் காப்பிற்கு உரியதே என்று கூறியது. எனினும் ஆண்டுகள் ஐந்து கழிந்துவிட்டமையால் மேலும் விசாரணைக்கு ஆணையிடவில்லை.

இதில் நீதிமன்றங்களுக்கிடையே எழுந்த வேறுபாட்டை நம் நூல்களின் துணைகொண்டு காண்போம். பொருளை அறியும் வாயில்களாக நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என்னும் நான்கு நிட்சேபங்களை ஆசாரியர் கூறினர். ஒன்றை மற்றொன்றாக நிறுவிக் கொள்ளுதல் ஸ்தாபனை. சதுரங்கக் காயை அரசன் என்றும் யானை என்றும் கொள்கிறோம். அதனை மரத்துண்டு என்பவன் பொய் சொல்லவில்லை. ஆயினும் 'மரத்துண்டு மட்டுமே' எனின் அவனோடு ஆட்டம் ஆட இயலாது. அவ்வாறே அப்பிள்ளையார் பொருள்நோக்கில் மண்ணே. ஸ்தாபனையால் வழிபடுவோர்க்குக் கடவுளுரு. விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் ஒரே களிமண் கிண்ணமாகவும் பொம்மையாகவும் வெந்து வெளிவருகின்றது. 'மண்' என்பதும் மெய். 'பொம்மை' என்பதும் மெய். 'மண்ணே' என ஏகாரம் இட்டுப் பிறிதை மறுக்கும்போது அந்நயம் துர்நயமாகின்றது.

நம் ஜினாலயத்து உருவமும் ஸ்தாபனையே. கல் வரம் தரும் என நாம் கொள்வதில்லை. அக்கல்லின் வாயிலாக வென்றவரின் குணங்களை நினைக்கின்றோம். இதனைப் பகுத்தறிவாளரும் அறிவர். தம் தலைவருக்கு ஊர்தோறும் சிலை எடுத்து மாலையிடுகின்றனர். 2018 மார்ச்சில் திருப்பத்தூரில் பெரியார் சிலை சேதப்படுத்தப்பட்டபோது தமிழகமே கொதித்தது. 'அது வெறும் சிமெண்டுதானே' என அப்போது எவரும் கூறவில்லை, கூறியிருத்தலும் தகாது. தன் சிலையில் ஸ்தாபனையைக் கண்டு, பிறன் சிலையில் மண்ணை மட்டும் காணும் கண்ணே ஏகாந்தக் கண். அது எவருடைய கண்ணாயினும் ஆகுக.

எனினும் ஒரு செயலைக் கொண்டு ஒரு மனிதரை முழுமையும் அளந்துவிடுதல் கூடாது. அதே பெரியார் குன்றக்குடி அடிகளாரோடு நெடுங்காலம் நட்புப் பூண்டிருந்தார். திருநீறு அணிந்த துறவியும் கடவுளை மறுத்த தலைவரும் ஒருவரையொருவர் மதித்து ஒரே மேடையில் அமர்ந்தனர். உருவம் உடைத்த செயலில் ஏகாந்தம் இருந்தது. இந்நட்பில் அது இல்லை. ஆகவே ஏகாந்தி என்னும் பெயரைச் செயலுக்கு இடுக. மனிதருக்கு இட விரையற்க.

5. ஆட்சிக்கோல் கைக்கு வந்தபோது

பெண்ணாடத்து வரலாற்றில் கண்ட இரண்டாம் பாடம் 20-ஆம் நூற்றாண்டில் நாத்திகத்தின் பெயராலும் நிகழ்ந்தது. சோவியத் நாட்டில் 1925-இல் போர்க்குணமிக்க நாத்திகர் கழகம் அமைக்கப்பெற்றது. 1931 டிசம்பர் 5-இல் மாஸ்கோவின் மீட்பர் கிறித்து பேராலயம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அல்பேனியா 1967-இல் தன்னை நாத்திக நாடென அறிவித்து, தேவாலயம், மசூதி என வேறுபாடின்றி வழிபாட்டிடங்கள் அனைத்தையும் மூடிற்று. 1990-ஆம் ஆண்டளவில்தான் அத்தடை நீங்கிற்று.

இடித்தவன் கையில் சூலம் இருந்ததா, சிலுவை இருந்ததா, நாத்திக நூல் இருந்ததா என்பது இடிபட்ட கட்டடத்திற்கு வேறுபாடன்று. எனவே 'நம்பிக்கையில்லாதவனிடத்து வெறி எங்ஙனம் தோன்றும்?' என்பாருக்கு வரலாறு விடை கூறிவிட்டது. வெறி கடவுளிடத்துப் பிறப்பதன்று. 'நானே அறிவேன்' என்னும் செருக்கில் பிறப்பது. எண்வகை மதங்களுள் ஞானமதத்தையும் வைத்து ஆசாரியர் எச்சரித்தனர். அறிவால் வரும் அச்செருக்கு கடவுளை மறுப்பதனால் ஒழிந்துவிடாது. கடவுளை வணங்குவதனாலும் ஒழிந்துவிடாது. 'மதம்' என்னும் சொல் தமிழில் சமயத்தையும் குறிக்கும், செருக்கையும் குறிக்கும், யானையின் வெறியையும் குறிக்கும் என்பது நாம் சிந்திக்கத்தக்கது.

6. மூன்று அளவுகோல்கள்

ஒரு கொள்கையாளர் ஏகாந்தியோ அல்லரோ என அறிய நம் நூல்களினின்றும் மூன்று அளவுகோல்களைப் பெறலாம்.

முதலாவது, மாற்றார் கொள்கையை அவரே 'ஆம், இதுவே என் கருத்து' என உடன்படும் வண்ணம் எடுத்துரைக்கும் ஆற்றல். பூர்வபட்சம் கூறும் இம்முறையை நீலகேசியிலும் சித்தியாரிலும் காண்கின்றோம். எள்ளி நகையாடுவதற்கு ஏற்ப எதிரியின் கருத்தைத் திரித்துக் கூறுபவர் ஆத்திகராயினும் நாத்திகராயினும் இவ்வளவுகோலில் தேறார்.

இரண்டாவது, தன் கொள்கையைத் தானே ஆராய்வதற்கு உட்படுத்துதல். சமந்தபத்திரர் 'ஆப்தமீமாம்சை' என்னும் நூலை எவ்வாறு தொடங்குகின்றார் எனக் காண்க. தேவர் வந்து வணங்குதலும், விண்ணிற் செல்லுதலும், கவரி வீசப்பெறுதலும் மாயவித்தையரிடத்தும் உள்ளன. ஆதலின் அவற்றால் அருகன் நமக்குப் பெரியவன் ஆகான் என்கின்றார். அவர் அறிவோடும் ஆகமத்தோடும் முரணாத அவன் மொழியை ஆராய்ந்த பின்னரே வணங்குகின்றார். தம் கடவுளையே வினவி வணங்கிய மரபு நம்முடையது. 'சான்று கிடைப்பின் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்' என உளமார உரைத்து, அவ்வாறே ஒழுகும் நாத்திகரும் இவ்வளவுகோலில் தேறுவர்.

மூன்றாவது, மனம் மொழி மெய்களால் பிறரைத் துன்புறுத்தாமை. நீலகேசியின் தொடக்கத்தைச் சிறுவரும் அறிவர். பழையனூர் நீலி அச்சுறுத்த வந்தபோது முனிச்சந்திரர் அஞ்சவுமில்லை, சினக்கவுமில்லை. அவ்வமைதியே பேயை மாணவியாக்கியது.

இம்மூன்றிலும் தேறிய நாத்திகர் ஒருவரைக் காட்டலாம். ஆந்திரத்தைச் சேர்ந்த கோரா 1940-இல் நாத்திக மையத்தைத் தோற்றுவித்தவர். தீண்டாமையை ஒழிக்கத் தம் வாழ்வையே கொடுத்தவர். அவர் காந்தியடிகளோடு உரையாடிய வரலாறு 1951-இல் நூலாக வெளிவந்தது. கோராவின் மகளுக்கும் ஒடுக்கப்பட்ட குலத்து இளைஞருக்கும் சேவாகிராமத்தில் மணம் முடிக்கப் பேசியபோது, உறுதிமொழியில் 'கடவுள் பெயரால்' என்பதற்கு மாற்றாக 'சத்தியத்தின் பெயரால்' எனக் கூற அண்ணல் இசைந்தார். நாத்திகர் தம் மறுப்பை விடவில்லை. அண்ணல் தம் பக்தியை விடவில்லை. ஒரு சொல்லில் இருவரும் நின்றனர். ஜைனரின் அநேகாந்தம் தமக்கு மிகவும் உவப்பானது என 1926-இலேயே எழுதிய அண்ணலுக்கு இது அரிதன்று.

7. இரு பக்கமும் பள்ளம்

இங்கு ஓர் ஐயம் எழலாம். 'அநேகாந்தம் எனின் எல்லாம் சரியே என்பதாகாதா? ஆத்திகமும் சரி, நாத்திகமும் சரி எனச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடலாமே?' ஆகாது. எல்லாச் சமயத்தையும் எல்லாத் தெய்வத்தையும் ஆராயாமல் ஒன்றென வணங்குதல் வைநயிகம் என்னும் பொய்க்காட்சி. எதுவும் துணியாமல் ஊசலாடுதல் சம்சயம் என்னும் பொய்க்காட்சி. ஏகாந்தப் பள்ளத்திற்கு அஞ்சி இப்பள்ளங்களில் விழுதல் அறிவுடைமையன்று.

உலகாயதர் 'காணப்படும் பொருளே உண்டு. உணர்வு உடலின் விளைவு' என்பர். உடலுக்கும் உணர்வுக்கும் தொடர்பு உண்டென்பதில் அவர் கூறுவது மெய்யின் ஒரு கூறு. உடலன்றி அறியும் உயிர் இல்லை என்னுமிடத்து நாம் அவரை மறுக்கின்றோம், மறுக்கவும் வேண்டும். யானையின் காலைத் தடவி, 'தூண் போன்றது' என்ற குருடன் சொன்னதில் தவறில்லை. காதைத் தடவியவனை அவன் பொய்யன் என்றபோதே தவறு பிறந்தது. முறம் போன்றது என்றவனையும் தூண் போன்றது என்றவனையும் ஒருங்கே கேட்டு, யானையின் வடிவை அறிய முயல்வதே அநேகாந்தம். அம்முயற்சிக்குத் துணிவும் வேண்டும், செவியும் வேண்டும்.

8. நம் இல்லங்களில்

இனி, தொடக்கத்தில் கூறிய பெற்றோர்க்கு வருவோம். மகனோ மகளோ 'எனக்கு நம்பிக்கை இல்லை' எனும்போது சினந்து வாயடைத்தல் எளிது. 'இக்காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான்' என விட்டுவிடுதல் அதனினும் எளிது. முன்னது ஏகாந்தம், பின்னது அசட்டை. இரண்டையும் விடுத்து, 'எதனை நீ நம்பவில்லை?' என அமர்ந்து கேளுங்கள்.

'உலகைப் படைத்தவன் ஒருவன் உளன் என்பதை நம்பவில்லை' எனின், 'நாமும் நம்புவதில்லை; ஜினசேனர் கூறுவதைப் படித்துப் பார்' எனலாம். 'பொருளறியாச் சடங்கை நம்பவில்லை' எனின், மூவகை மூடங்களைக் காட்டலாம். பின்பு நம்மையே ஒரு வினா கேட்டுக்கொள்ளலாம்: இயக்கியர் திருமுன் நின்று, ஜினசாசனத்தின் காவலர் என மதிக்கின்றோமா, அல்லது வரம் கேட்டுப் பேரம் பேசுகின்றோமா? பிள்ளை கண்டு வெறுத்தது நம் சமயத்தையோ, நம் பேரத்தையோ என்பதை நாமே தெளிதல் வேண்டும். 'உயிரும் வினையும் இல்லை' எனின், அங்கேதான் உண்மையான வாதம் தொடங்குகின்றது. நீலகேசியை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் படியுங்கள். பூதவாதி கூறுவதைப் பிள்ளை கூறட்டும். நீலகேசி கூறுவதை நீங்கள் கூறுங்கள். ஒரு மாலையில் முடியாது; முடியவும் வேண்டுவதில்லை.

'ஜைனமே பகுத்தறிவுச் சமயம். மற்றவை யாவும் மூடம்' எனப் பெருமை பேசும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. அநேகாந்தத்தையே ஏகாந்தமாகப் பிடித்துக்கொள்ளும் நிலை அது. அநேகாந்தமும் அநேகாந்தமாகவே கொள்ளத்தக்கது எனச் சமந்தபத்திரர் சுயம்புத்தோத்திரத்துள் உணர்த்தியதை மறவாதிருப்போமாக.

ஆகவே, 'நாத்திகமும் ஏகாந்தமாகுமோ?' என்னும் வினாவிற்கு விடை இதுவே: மறுப்பதனால் ஆகாது, மறுப்பை ஆராய்ச்சிக்கு அப்பால் வைத்து, மாற்றாரை இகழ்ந்து, வன்மையால் அடக்க முற்படும்போது ஆகும். ஆத்திகத்திற்கும் அளவு அதுவே, நமக்கும் அதுவே.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. நாத்திகம் என்னும் சொல்லின் மூன்று பொருள்கள் யாவை? அவற்றுள் எவை நமக்குப் பொருந்தும்?
2. ஸ்தாபனை என்றால் என்ன? ஜினபிம்ப வழிபாட்டை அதன் துணைகொண்டு விளக்குக.
3. ஏகாந்தத்திற்கும் வைநயிகத்திற்கும் உள்ள வேறுபாடு யாது? இரண்டும் பொய்க்காட்சியாவது எவ்வாறு?
4. நீங்கள் உடன்படாத கொள்கை ஒன்றை, அதனை உடையவர் 'சரியாகச் சொன்னீர்' எனக் கூறுமாறு பத்து வரிகளில் எழுதுக. இதனைக் குடும்பத்தார் அனைவரும் தனித்தனியே எழுதி, ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுக.

அறம் வளர்க! ஜினதருமம் வெல்க!